வாட்ச்சில் எச்.ஆர்.வி குறைந்தால் இன்று ஓடலாமா, வேண்டாமா? மாரத்தான் பயிற்சியில் இருப்பவர்களுக்கு ஒரு விளக்கம்

காலை 5 மணி. பெங்களூரு கப்பன் பார்க்கில் நண்பர்கள் காத்திருக்கிறார்கள். ஜனவரியில் மும்பை மாரத்தான், அதற்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது. இன்றைய திட்டம் 800 மீட்டர் வேக ஓட்டம், ஆறு முறை. ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே கையைப் பார்த்தால் வாட்ச் சொல்கிறது: 'எச்.ஆர்.வி 38. வழக்கத்தைவிடக் குறைவு.' நேற்று 54 இருந்தது. உடம்பு நல்லாத்தான் இருக்கிற மாதிரி தெரிகிறது. கிளம்பலாமா, திரும்பப் போய்ப் படுத்துவிடலாமா?

மாரத்தான் பயிற்சியில் இருக்கும் பலருக்கும் இப்போது இந்தக் குழப்பம் வருகிறது. சிலர் இந்த எண்ணைக் கண்டுகொள்வதே இல்லை. சிலர் எண் குறைந்த நாளெல்லாம் ஓட்டத்தை ரத்து செய்கிறார்கள். எச்.ஆர்.வி உண்மையில் என்ன சொல்கிறது, எதைச் சொல்லாது என்று தெரிந்துகொண்டால் இரண்டு தவறையும் தவிர்க்கலாம்.

எச்.ஆர்.வி என்றால் என்ன?

ஹார்ட் ரேட் வேரியபிலிட்டி என்பதன் சுருக்கம்தான் எச்.ஆர்.வி. தமிழில் இதயத் துடிப்பு மாறுபாடு. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையிலுள்ள நேரம் எவ்வளவு மாறுகிறது என்பதை இது அளக்கிறது. அலகு மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

உங்கள் இதயம் நிமிடத்துக்கு 60 முறை துடிக்கிறது என்றால், சரியாக ஒரு விநாடிக்கு ஒரு துடிப்பு என்று நினைத்துக்கொள்வோம். அப்படி இல்லை. ஒருவருக்கு அடுத்தடுத்த இடைவெளிகள் 980, 1030, 990, 1050, 1010 மில்லி விநாடி என்று ஏறி இறங்கலாம். இன்னொருவருக்கு 1000, 1010, 1005, 1015, 1010 என்று ஏறக்குறைய ஒரே மாதிரி வரலாம். இருவருக்கும் வாட்ச்சில் தெரியும் இதயத் துடிப்பு 59, 60 என்றுதான் இருக்கும். ஆனால், முதலாமவரின் மாறுபாடு அதிகம், இரண்டாமவருடையது குறைவு.

இந்த ஏற்ற இறக்கத்தை ஒரே எண்ணாக மாற்ற ஓட்டக்காரர்கள் அதிகம் பயன்படுத்தும் கணக்கு ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. அடுத்தடுத்த இடைவெளிகளின் வித்தியாசத்தை எடுத்து, ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்தி, சராசரி கண்டு, வர்க்கமூலம் எடுப்பார்கள். மேலே உள்ள முதல் ஆளுக்கு 50, 40, 60, 40 என்று வித்தியாசங்கள் வருவதால் விடை சுமார் 48. இரண்டாவது ஆளுக்குச் சுமார் 8. உங்கள் வாட்ச் காட்டும் 38, 54 எல்லாம் பெரும்பாலும் இந்தக் கணக்கின் விடைதான்.

துடிப்பு ஏன் கடிகாரம் மாதிரி சீராக இல்லை?

இதயத்தின் வலது மேல் அறையில் உள்ள சைனோ ஏட்ரியல் கணுதான் துடிப்பைத் தொடங்கிவைக்கிறது. அதைத் தனியே விட்டால் நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கவைக்கும். நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது துடிப்பு 60, 70 என்று இருப்பதற்குக் காரணம், மூளையிலிருந்து வரும் வேகஸ் நரம்பு அதை இழுத்துப் பிடித்துவைப்பது.

வேகஸ் நரம்பு, எதிர்ப்பரிவு நரம்பு மண்டலத்தைச் சேர்ந்தது. ஓய்வு, செரிமானம், உடல் தன்னைச் சரிசெய்துகொள்வது எல்லாம் இதன் பொறுப்பு. இதற்கு மறுபக்கம் பரிவு நரம்பு மண்டலம். பயம், கோபம், வேக ஓட்டம், காய்ச்சல் என்று உடலுக்கு வேலை வரும்போது துடிப்பை ஏற்றுவது இது.

வேகஸ் மிக வேகமாக வேலை செய்யும். ஒரு துடிப்புக்குள்ளேயே அதன் விளைவு தெரிந்துவிடும். பரிவு நரம்புகளின் விளைவு தெரியச் சில விநாடிகள் ஆகும். மூச்சை இழுக்கும்போது வேகஸின் பிடி தளர்ந்து துடிப்பு கொஞ்சம் வேகமாகிறது. மூச்சை விடும்போது பிடி இறுகித் துடிப்பு மெதுவாகிறது. அமைதியாக உட்கார்ந்து மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்த்தால் இதை நீங்களே உணரலாம்.

ஆக, துடிப்புக்குத் துடிப்பு மாற்றம் நன்றாக இருந்தால் வேகஸ் நரம்பு சுறுசுறுப்பாக இருக்கிறது, உடல் ஓய்வு நிலையில் இருக்கிறது என்று பொருள். மாற்றம் குறைந்தால் உடல் ஏதோ ஒரு சுமையைச் சமாளித்துக்கொண்டிருக்கிறது. அது என்ன சுமை என்பதை மட்டும் அந்த எண் சொல்லாது.

மருத்துவமனையிலிருந்து மணிக்கட்டுக்கு

இது வாட்ச் நிறுவனங்களின் கண்டுபிடிப்பு அல்ல. 1960களிலேயே, கருவில் உள்ள குழந்தை ஆபத்தில் இருக்கும்போது இதயத் துடிப்பின் வேகம் மாறுவதற்கு முன்பே துடிப்புகளுக்கு இடையிலான மாறுபாடு குறைவதை மகப்பேறு மருத்துவர்கள் கவனித்தார்கள். 1987-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, மாரடைப்பிலிருந்து பிழைத்த 808 பேரைத் தொடர்ந்து கவனித்தது. 24 மணி நேரப் பதிவில் மாறுபாடு மிகக் குறைவாக இருந்தவர்களின் இறப்பு அபாயம், அதிகமாக இருந்தவர்களைவிட ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது. 1996-ல் ஐரோப்பிய, வட அமெரிக்க இதயவியல் அமைப்புகள் சேர்ந்து இதை எப்படி அளக்க வேண்டும் என்று பொது விதிமுறைகளை வெளியிட்டன.

இன்னொரு பக்கம், ஃபின்லாந்தின் போலார் நிறுவனம் 1982-ல் வயர் இல்லாத இதயத் துடிப்பு மானியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மார்புப் பட்டையும் கைக்கடிகாரமும் சேர்ந்த அந்தக் கருவிதான் இதை ஆய்வகத்திலிருந்து மைதானத்துக்குக் கொண்டுவர வழி செய்தது.

ஓட்டக்காரர்களுக்கு இதனால் என்ன லாபம்?

பயிற்சி உடலை உடனே பலப்படுத்துவதில்லை. முதலில் களைப்படைய வைக்கிறது. பிறகு கிடைக்கும் ஓய்வில்தான் உடல் தன்னைச் சரிசெய்து, முன்பைவிடக் கொஞ்சம் வலுவாகிறது. அந்த ஓய்வு போதாமல் அடுத்தடுத்துக் கடினப் பயிற்சி செய்தால் வேகம் குறையும், தூக்கம் கெடும், எரிச்சல் வரும். ஆரம்பத்திலேயே கவனித்தால் சில நாள் ஓய்வில் சரியாகிவிடும். விட்டுவிட்டால் 'ஓவர்டிரெய்னிங்' என்ற நிலைக்குப் போகும். அதிலிருந்து மீள மாதக்கணக்கில் ஆகலாம். மாரத்தானுக்கு ஆறு வாரம் இருக்கும்போது அப்படி ஆனால், ஒரு சீசனே போச்சு.

பிரச்சினை என்னவென்றால், இணையத்தில் இறக்கிய 16 வாரத் திட்டத்துக்கு உங்கள் வாழ்க்கை தெரியாது. செவ்வாய்க்கிழமை இன்டர்வல் என்று அது எழுதிவைத்திருக்கும். திங்கட்கிழமை இரவு 2 மணி வரை அலுவலகத்தில் ரிலீஸ் வேலை இருந்தது அதற்கு எப்படித் தெரியும்? உடலுக்கோ வேக ஓட்டம், தூக்கமின்மை, மேனேஜர் கொடுத்த டென்ஷன் எல்லாமே ஒரே கணக்கில் சேரும் சுமைதான்.

அப்படியானால் திட்டத்தை உடலின் நிலைக்கு ஏற்ப அன்றன்றைக்கு மாற்றினால் என்ன? 2007-ல் ஃபின்லாந்தில், ஓரளவு உடற்தகுதி உள்ள 26 ஆண்களை வைத்து நான்கு வாரம் சோதித்தார்கள். காலை எச்.ஆர்.வியைப் பார்த்து அன்றைய பயிற்சியை முடிவு செய்த குழுவின் ஆக்சிஜன் பயன்படுத்தும் திறன், அதாவது வி.ஓ.2, தெளிவாகக் கூடியது. முன்கூட்டியே எழுதிய திட்டப்படி ஓடிய குழுவில் அந்த அளவு மாற்றம் இல்லை.

2016-ல் அதே நாட்டில் 40 பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களிடம் எட்டு வாரம் நடந்த சோதனை இன்னும் சுவாரஸ்யமானது. எச்.ஆர்.வி பார்த்து ஓடியவர்களின் 3,000 மீட்டர் நேரம் சராசரியாக 2.1 சதவீதம் மேம்பட்டது. திட்டப்படி ஓடியவர்களுக்கு 1.1 சதவீதம். முதல் குழு செய்த மிதமான, கடினமான பயிற்சிகளின் எண்ணிக்கை சராசரியாக 13. இரண்டாவது குழு செய்தது சுமார் 18. குறைவாக வருத்திக்கொண்டு, அதே அளவோ கொஞ்சம் கூடுதலோ பலன் பெற்றிருக்கிறார்கள்.

இரண்டுமே சிறிய ஆய்வுகள் என்பதை மறக்க வேண்டாம். பின்னர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இரண்டு முறைகளுக்கும் இடையிலான சராசரி வித்தியாசம் சிறிது என்றே தெரிந்தது. இதனால் உங்கள் மாரத்தான் நேரம் ஒரேயடியாகக் குறைந்துவிடாது. தவறான நாளில் உடலை வருத்துவதைக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

ஓடும்போதே எச்.ஆர்.வி பார்க்கலாமா?

வேண்டாம். ஓட ஆரம்பித்ததும் வேகஸ் பிடியை விட்டுவிடும், மாறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடும். போதாக்குறைக்கு, கை அசையும்போது வாட்ச்சின் பச்சை விளக்கு சென்சாரால் துடிப்புகளின் இடைவெளியைத் துல்லியமாகப் பிடிக்க முடியாது. மார்புப் பட்டை போட்டு, டி.எஃப்.ஏ ஆல்ஃபா 1 என்ற வேறொரு கணக்கால் ஓட்டத்தின் தீவிரத்தை மதிப்பிடும் முயற்சிகள் நடக்கின்றன. அது தனிக் கதை. அன்றாடப் பயன்பாட்டுக்கு எச்.ஆர்.வி ஓய்வில் எடுக்க வேண்டிய அளவு.

சரியாக அளப்பது எப்படி?

இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, இரவு முழுக்க வாட்ச்சையோ மோதிரத்தையோ போட்டுக்கொண்டு தூங்குவது. இன்னொன்று, காலையில் எழுந்ததும் மார்புப் பட்டையாலோ, மொபைல் கேமராவில் விரல் வைத்து அளக்கும் செயலியாலோ எடுப்பது. காலையில் எடுப்பதாக இருந்தால்:

• எழுந்து, பாத்ரூம் போய்விட்டு வந்ததும் எடுங்கள். காபி, இன்ஸ்டாகிராம், ஆபீஸ் மெயில் எல்லாம் அதற்குப் பிறகு.
• தினமும் ஒரே நிலையில் எடுங்கள். படுத்தோ, உட்கார்ந்தோ, எதுவானாலும் மாற்றாதீர்கள். ஓய்வுத் துடிப்பு ஏற்கெனவே மிகக் குறைவாக உள்ள அனுபவசாலிகளுக்கு உட்கார்ந்தோ நின்றோ எடுப்பது நல்லது.
• ஒன்றிரண்டு நிமிடம் போதும். இயல்பாக மூச்சு விடுங்கள். வேண்டுமென்றே ஆழமாக மூச்சு விட்டால் எண் மாறிவிடும்.
• வாரத்தில் ஒருநாள் எடுத்துப் பயனில்லை. குறைந்தது மூன்று, நான்கு நாளாவது எடுத்தால்தான் அந்த வாரத்தின் சராசரிக்கு அர்த்தம் இருக்கும்.

நண்பருக்கு 90, எனக்கு 40. நான் வீக்கா?

இல்லை. ஒரே வயது, ஒரே வேகம் உள்ள இரண்டு ஓட்டக்காரர்களின் எச்.ஆர்.வி இரண்டு மூன்று மடங்கு வித்தியாசப்படலாம். மரபணுவுக்கும் இதில் பங்கு உண்டு. வயது கூடக் கூடப் பொதுவாக எண் குறையும். 40 உள்ளவர் 90 உள்ளவரை மாரத்தானில் சாதாரணமாக முந்தலாம்.

கருவிகளும் ஒரே மாதிரி அளப்பதில்லை. ஆப்பிள் வாட்ச், ஹெல்த் செயலியில் காட்டுவது எஸ்.டி.என்.என் என்ற வேறொரு கணக்கு. அதை நாளின் பல நேரங்களில் அவ்வப்போது எடுக்கிறது. கார்மின், ஊப், ஔரா போன்றவை தூக்கத்தில் ஆர்.எம்.எஸ்.எஸ்.டி எடுக்கின்றன. எனவே வாட்ஸ்அப் குழுவில் ஸ்கிரீன்ஷாட் போட்டு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. வாட்ச் மாற்றினால் உங்கள் பழைய எண்ணோடுகூட ஒப்பிடக் கூடாது. புதிதாகத்தான் தொடங்க வேண்டும். கார்மின் வாட்ச் உங்கள் வழக்கமான அளவைக் கண்டுபிடிக்கவே மூன்று வாரத் தூக்கப் பதிவைக் கேட்கிறது.

எண்ணைப் பார்த்து முடிவெடுப்பது எப்படி?

ஒரு நாள் எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்பதுதான் முதல் விதி. எச்.ஆர்.வி இயல்பாகவே தினமும் துள்ளும். விளையாட்டு அறிவியலாளர்கள் ஏழு நாள் சராசரியைப் பார்க்கச் சொல்கிறார்கள். அதை உங்களுடைய வழக்கமான வரம்போடு ஒப்பிட வேண்டும். வழக்கமான வரம்பைப் பெரும்பாலான செயலிகளே கணக்கிட்டுக் காட்டிவிடும்.

தொடக்கத்தில் பார்த்த ஓட்டக்காரருக்கே வருவோம். அவருடைய வழக்கமான வரம்பு 48 முதல் 56 என்று வைத்துக்கொள்வோம்.

முதல் சூழல்: கடைசி ஏழு நாள் எண்கள் 54, 50, 55, 49, 53, 54, 38. சராசரி 50. வரம்புக்குள்தான் இருக்கிறது. இன்றைய 38-க்குக் காரணம் நேற்று ராத்திரி லேட்டாகச் சாப்பிட்ட கல்யாண ரிசப்ஷன் பிரியாணியாக இருக்கலாம். கப்பன் பார்க்குக்குக் கிளம்பலாம். இரண்டு கிலோமீட்டர் மெதுவாக ஓடி உடலைச் சூடேற்றிய பிறகும் கால் கனமாக இருந்தால் மட்டும் ஆறை நான்காகக் குறைத்துக்கொள்ளலாம், அல்லது இன்டர்வலை நாளைக்குத் தள்ளலாம்.

இரண்டாவது சூழல்: எண்கள் 50, 47, 45, 44, 46, 42, 38. சராசரி 45-க்கும் கீழே. இன்றைய எண் அதே 38தான், ஆனால் இது வேறு கதை. ஒரு வாரமாக உடல் இறங்கிக்கொண்டே வருகிறது. இன்று இன்டர்வல் வேண்டாம். பேசிக்கொண்டே ஓடக்கூடிய ஈஸி ரன் போதும், இல்லையென்றால் ஓய்வு. சராசரி வரம்புக்குள் திரும்பும்வரை வேக ஓட்டங்களைத் தள்ளிப்போடலாம். 2016 சோதனையில் பின்பற்றிய விதியும் ஏறத்தாழ இதுதான்.

ஆறு வாரத்தில் மூன்று, நான்கு வேக ஓட்டங்களை விடுவதால் மாரத்தான் கெட்டுப்போகாது. காய்ச்சலிலோ காயத்திலோ இரண்டு வாரம் படுத்தால் கெட்டுப்போகும்.

ஓட்டம் தவிர வேறு எதெல்லாம் எண்ணைக் குறைக்கும்?

மது முக்கியமான காரணம். முந்தைய இரவு குடித்தது மறுநாள் எண்ணில் தெளிவாகத் தெரியும். தூக்கக் குறைவு, நைட் ஷிப்ட், நீண்ட பயணம், புழுக்கமான இரவு, உடலில் நீர் குறைவது ஆகியவையும் குறைக்கும். சளி, காய்ச்சல் வரும்போது அறிகுறி தெரிவதற்கு முன்பே சிலருக்கு எண் சரியும். பெண்களில் பலருக்கு, கருமுட்டை வெளியேறியதிலிருந்து மாதவிடாய் வரையிலான நாட்களில் எண் சற்றுக் குறைவது இயல்பு. அதைக் களைப்பு என்று நினைத்துவிடாமல், போன மாதத்தின் அதே நாட்களோடு ஒப்பிடுவது நல்லது.

லடாக் மாரத்தானுக்குப் போகிறவர்கள் இதை நேரடியாகப் பார்க்கலாம். லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானத்தில் போய் இறங்கிய முதல் சில நாட்களில் ஆக்சிஜன் குறைவால் ஓய்வுத் துடிப்பு ஏறும், எச்.ஆர்.வி இறங்கும். அங்கே ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமலே இது நடக்கும். உடல் பழகும்வரை கடினமாக ஓடக் கூடாது என்பதற்கு அதுவே சாட்சி.

எண் ஏறினால் நல்லதுதானே?

எப்போதும் இல்லை. கடும் பயிற்சியால் களைத்துப்போன டிரையத்லான் வீரர்களிடம் எச்.ஆர்.வி வழக்கத்தைவிட அதிகரித்ததை 2013-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். வாட்ச் 'சூப்பர்' என்று சொல்லும்போது கால் இரும்பாகக் கனத்தால், காலை நம்புங்கள்.

இன்னொரு காரணம் கொஞ்சம் கவலைக்குரியது. இதயத் துடிப்பே தாறுமாறாக இருந்தால் இடைவெளிகளும் தாறுமாறாக இருக்கும். அப்போது எண் திடீரென மிக உயரமாகப் போகும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறில் இப்படி நடக்கலாம். வழக்கத்தைவிடப் பல மடங்கு எண் அடிக்கடி வந்தால் முதலில் வாட்ச் தளர்வாக இருக்கிறதா என்று பாருங்கள். சரியாகப் போட்டும் தொடர்ந்தால், அல்லது படபடப்பும் இருந்தால், ஒரு இ.சி.ஜி எடுத்துவிடுங்கள்.

எச்.ஆர்.வி சொல்லாதது எது?

இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்பதை இந்த எண் சொல்லாது. ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால், காலையில் வாட்ச் பச்சை காட்டியிருந்தாலும் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். குடும்பத்தில் இளம் வயதில் மாரடைப்பு வந்தவர்கள் இருந்தால், பயிற்சியைத் தொடங்கும் முன்பே பரிசோதித்துக்கொள்வது நல்லது. காய்ச்சல் இருக்கும்போது எண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஓடக் கூடாது. ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களின் எண்ணை அந்த மாத்திரையே மாற்றும்.

முழங்கால் வலியும் இதில் தெரியாது. நரம்பு மண்டலம் தேறியிருக்கும், தசைநார் தேறியிருக்காது. எச்.ஆர்.வி நன்றாக இருக்கிறதே என்று வலியோடு லாங் ரன் போவது தப்பு.

விளையாட்டு வீரர்களின் களைப்பைக் கண்காணிக்கும் முறைகளைத் தொகுத்து 2016-ல் வெளியான ஓர் ஆய்வு, பயிற்சிச் சுமையின் விளைவை ரத்தப் பரிசோதனை, இதயத் துடிப்பு போன்ற அளவுகளைவிட வீரர்களே சொன்ன மனநிலை, களைப்பு பற்றிய பதில்கள் நன்றாகக் காட்டின என்று கண்டது. எனவே வாட்ச்சைப் பார்ப்பதற்கு முன் தினமும் மூன்று கேள்விக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் எழுதுங்கள்: தூக்கம் எப்படி? கால் எப்படி? ஓட ஆசையாக இருக்கிறதா? எழுதிய பிறகு எண்ணைப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் முடிவு சுலபம். ஒத்துப்போகாவிட்டால் ஈஸி ரன் போய்விட்டு நாளை மறுபடி பாருங்கள்.

போட்டி நாள் காலையில் மட்டும் பார்க்க வேண்டாம். பதற்றம், சரியாக வராத தூக்கம், 3 மணி அலாரம் எல்லாம் சேர்ந்து அன்று எண் குறையத்தான் செய்யும். கடைசி இரண்டு வார டேப்பரிலும் சிலருக்கு அது இறங்குவதுண்டு. அதனால் பல மாதப் பயிற்சி காணாமல் போய்விடாது. பெடர் ரோடு ஏற்றத்துக்கு உங்களைத் தயார்படுத்துவது அந்தப் பயிற்சிதான். போட்டி நாளின் எண்ணை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.